ஜில்லா தாண்டிப் போன மண்ணு

சார், அந்த சன்னலக் கொஞ்சம் சாத்துங்களேன். காத்து வரட்டும்னு தொறந்து வெச்சிருக்கீங்க, தெரியுது. ஆனா பாலம் வரப்போவுது. கொள்ளிடத்தப் பாத்தாலே எனக்கு வயித்தக் கொமட்டுது. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல, அப்படியும் கொமட்டுது.

வாணாமா? சரி, நீங்க பாருங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

பாத்தீங்களா, நிறுத்திட்டான். பாலத்துல என்னமோ பூச்சு வேலை நடக்குது, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கந்தான் விடுறாங்க. எதுத்தாப்புல வர்ற வண்டியெல்லாம் போயி முடியணும். மனுசன் மனு குடுக்கப் போறான், அதுக்கும் இந்த ஆறு குறுக்க படுத்துக்கிட்டு கெடக்கு.

அரியலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போறேன் சார். திங்கக்கெழம, மனு வாங்குவாங்க. நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். தஞ்சாவூர்க்காரனுக்கு அரியலூர் கலெக்டர்கிட்ட என்ன வேலைன்னு கேப்பீங்க. கேளுங்க. எல்லாரும் கேட்டாச்சு. எங்க ஜில்லா ஆபீசுலயும் ஒரு பொண்ணு கேட்டுச்சு, கேட்டுட்டு வாயப் பொத்திக்கிச்சு. நான் சொன்ன பதில் அப்படி.

என் நெலம் அந்த ஜில்லாவுக்குப் போயிடிச்சு சார். நான் விக்கல, எழுதிக் குடுக்கல. மூணு நாள்ல கெளம்பி, ஆத்தத் தாண்டி, வடகரையில எங்க அக்கா கொல்லையில போயிப் படுத்துக்கிச்சு.

சிரிச்சுக்குங்க. பரவாயில்ல. சிரிச்சு முடிச்சிட்டுக் கேளுங்க.

எம் பேரு உத்திராபதி. தென்கரையில எனக்குப் பத்து மா நெலம் இருந்திச்சு. மூணு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. இருந்திச்சுன்னு சொல்றேன், கவனிச்சுக்குங்க. இப்ப நாலு மா இருக்கு, அதுலயும் ஒரு மா மணலடிச்சுக் கெடக்கு. அதுல எருக்கஞ்செடிதான் வெளையுது.

எங்க ஊருகிட்ட ஆறு ஒடுங்கலா போவும். மத்த எடத்துல எல்லாம் காலு நீட்டிப் படுக்குற ஆறு, எங்ககிட்ட வந்தா மட்டும் ஒருக்களிச்சுப் படுக்கும். அதனால கரையக் கடிக்கும். வருஷத்துக்கு ஒரு மொழம், ரெண்டு மொழம். நாய் செருப்பக் கடிக்கிற மாதிரி, பசிக்காவ இல்ல, சும்மா. நான் எவ்வளவோ பொறுத்தேன். எங்கப்பா பொறுத்தாரு. நான் ஏன் சார் பொறுக்கணும்?

பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி பழைய வீட்ட இடிச்சுட்டு மாடி வீடு கட்டினேன். இடிச்ச செங்கல்லு, காரை, கருங்கல்லு, உடைஞ்ச சிமெண்டுப் பாளம், எல்லாத்தயும் டிராக்டர்ல ஏத்தி, என் நெலத்து மேல்கோடியில, கரையிலேர்ந்து ஆத்துக்குள்ள அம்பதடிக்கு நீட்டிக் கொட்டினேன். ஊர்ல அதுக்கு மூக்குன்னு பேரு வெச்சாங்க. உத்திராபதி மூக்கு. வெக்கட்டும். தண்ணி வந்து மூக்குல முட்டி அந்தாண்ட திரும்பிப் போவும். மூக்குக்குப் பின்னால தண்ணி ஓடாம சும்மா சொழண்டுக்கிட்டு நிக்கும். நின்ன எடத்துல வண்டல் படியும். இதான் கணக்கு. எந்த இஞ்சினீரும் சொல்லித் தரல, நானே யோசிச்சேன்.

அப்ப சவரிமுத்துன்னு ஒரு லஸ்கர் இருந்தாரு. லஸ்கர்னா தெரியுமில்ல, ஆத்துக் கரையக் காவல் பாக்குற அரசாங்க ஆளு. காக்கிச் சட்டை, சைக்கிள், வாய் நெறைய வெத்தல. அவரு வந்து மூக்கப் பாத்துட்டு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சாரு.

"உத்திராபதி, ஆறு தண்ணிய மட்டுமா கொண்டாருது? மண்ணச் சொமந்துக்கிட்டு வருது. சொம தூக்குறவன் எங்க மெதுவா நடக்குறானோ அங்க எறக்கி வெப்பான். சொமைய எறக்கினவன் கை சும்மா இருக்காது. அடுத்தாப்புல எவன் கரை கெடைக்குதோ அங்க அள்ளிக்குவான். நீ இங்க எறக்க வெக்கிற. அங்க எவன் கரைய அள்ளப் போறானோ."

நான் சொன்னேன், "அள்ளுறவன்கிட்ட போயிச் சொல்லுங்க"ன்னு. அரசாங்கச் சம்பளத்த வாங்கிட்டு ஆத்துக்கு வக்காலத்து வாங்குற ஆளு. அவருக்கு ஒரு குழி நெலம் கெடையாது சார். நெலம் இல்லாதவன் எல்லாம் ஆத்தப் பத்திப் பேசுறான்.

மூக்கு வேலை செஞ்சிச்சு. ரெண்டே வெள்ளம், மூக்குக்குப் பின்னால ரெண்டு மாவுக்குப் படுகை சேந்துடிச்சு. வண்டல்னா அப்படி ஒரு வண்டல். காலு வெச்சா கணுக்கால் வரைக்கும் இறங்கும், எடுத்தா ஒட்டாது. பூவன் வாழை போட்டேன். ஒவ்வொரு தாரும் ஆள் தூக்க முடியாது. மூக்குன்னு சிரிச்சவனெல்லாம் வந்து கன்னு கேட்டான்.

அந்த ரெண்டு வெள்ளத்துல வடகரையில எங்க அக்காவுக்கு மூணு மா போச்சு. அது வேற விஷயம். ஆத்தங்கரையில நெலம் வெச்சிருந்தா போவுந்தான். அது இயற்கை. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்?

அக்கா பேரு தையல்நாயகி. என்னைவிட நாலு வயசு மூப்பு. வடகரையில சிங்காரவேலு மாமாவுக்குக் கட்டிக் குடுத்தோம். மாமா போயி எட்டு வருஷமாச்சு. மவன் வெளிநாட்டுல இருக்கான். இவ மட்டும் அங்க, ஆத்தோரத்துல ஒரு வீட்ட வெச்சுக்கிட்டு, கீரை, கத்திரின்னு போட்டுக்கிட்டு கெடக்கா. பேச்சு கம்மி. பேசினா ஒரு வார்த்த. அந்த ஒரு வார்த்தையில நமக்கு ரெண்டு நாளு தூக்கம் போயிடும், அப்படி ஒரு பொம்பள.

நெலம் போன அந்த வருஷம் பங்குனியில, ஆறு காஞ்சு கெடந்தப்ப, கொதிக்கிற மணல்ல நடந்தே வந்தா. வீட்டுக்கு வரல. நேரா மூக்குகிட்ட போயி நின்னா. நான் வாழைக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தேன். சண்டைக்கு வந்திருக்கான்னு மம்பட்டியக் கீழ வெச்சேன், ஆம்பளையா பொறந்துட்டு அக்கா எதுக்க மம்பட்டியோட நிக்கக் கூடாதில்ல. அவ சண்டை போடல. கல்லப் பாத்தா, எதிர்க்கரையப் பாத்தா.

"கல்லப் போட்டுட்டியே, ஆறு எங்கடா போவும்?"னா.

"அது எங்க வேணா போவட்டும்"னேன்.

அவ்வளவுதான். என் வீட்டுக்காரி மோரு குடுத்தா, நின்னுக்கிட்டே குடிச்சா, திரும்ப மணல்ல எறங்கி நடந்துட்டா. ஆறு எங்கடா போவுமாம். நான் என்ன ஆத்துக்கு வழிகாட்டியா?

இன்னும் விடலையே. அந்தா, ஒரு லாரி வருது, அதுக்குப் பின்னால இன்னொண்ணு. வரட்டும்.

இதுக்கப்பறந்தான் திட்டு வந்திச்சு. என் மூக்குக்குக் கொஞ்சம் கீழ, நட்டாத்துல, ஒரு மணல் மேடு. மொத வருஷம் ஒரு மாடு படுத்த அளவு. அடுத்த வருஷம் ஒரு வீட்டு அளவு. எங்கேர்ந்து வந்த மணலோ. சவரிமுத்து சொல்றாரு, "எல்லாம் தையல்நாயகி கொல்லை மண்ணுதான், தூக்க முடியாம இங்க போட்டிருக்கு"ன்னு. மண்ணுல பேரா எழுதியிருக்கு? பேசுறான் பாருங்க, பேச்சு.

நான் பாத்தேன், திட்டு யாருக்கும் சொந்தமில்ல, புறம்போக்கு. உங்களுக்கு எங்க பக்கத்து விஷயம் தெரியாது, சொல்றேன். புறம்போக்குல ஒருத்தன் பயிர் வெச்சா, அதிகாரி வந்து பாத்துட்டு அபராதம்னு ஒரு நோட்டீசு குடுப்பாரு. பி மெமோம்பாங்க. மத்தவன் அபராதம்னா ஓடுவான். நாங்க அதத் தேடிப்போயி வாங்குவோம். அதிகாரி மறந்துட்டா, "ஐயா, எனக்கு இந்த வருஷ மெமோ வரலைங்களே"ன்னு போயி நிப்போம். அந்தக் காயிதம் வருஷா வருஷம் சேந்தா, இந்த எடத்த நாந்தான் அனுபவிக்கிறேன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்த மாதிரி. அத வெச்சுப் பட்டா கேக்கலாம். மொத மெமோ வாங்குனப்ப நான் அதுக்கு மஞ்ச வெச்சு சாமி மாடத்துல வெச்சேன் சார்.

மணல்ல என்ன பயிர் வரும்? நாணல் வரும். சாக்குச் சாக்கா நாணக் கெழங்கு கொண்டுபோயி நட்டேன். நட்டது நான். தண்ணி ஊத்தினது நான். ஊரே சிரிச்சுது, நாணலுக்கு யாராவது தண்ணி ஊத்துவானான்னு. ஆனா நாணல் வந்ததுக்கப்பறம் பாக்கணும் நீங்க. வெள்ளம் வரும், நாணலுக்குள்ள பூந்ததும் வேகம் போயிடும், மணல அங்கயே போட்டுட்டுப் போவும். வருஷத்துக்கு ஒரு சாண் ஒசந்துச்சு. ஆறே வருஷம், ஆளு ஒசரத் திட்டு. ஆறு மெமோ. இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் போயிருந்தா பட்டா கையில.

அப்பத்தான் அந்த ஆடி வந்திச்சு. போன வருஷத்துக்கு முந்தின ஆடி. மேட்டூர் நெறம்பி, தொறந்துட்டாங்க. லட்சத்துக்கு மேல கன அடின்னு தண்டோரா போட்டான். நான் பயப்படல. மூக்கு இருக்கு, திட்டு இருக்கு, எனக்கென்ன?

மொத நாளு காலையில கரையில நின்னு பாத்தேன். தண்ணியா அது? கஞ்சி மாதிரி கெட்டியா, பழுப்பா, ஒரு பிண நாத்தத்தோட. எத்தன ஊரு குப்பையோ, எத்தன ஊரு மாடோ. அந்தத் தண்ணி நேரா வந்து திட்டுல முட்டிச்சு. முன்னயெல்லாம் திட்டு மேல ஏறிப் போவும். இப்பத் திட்டு ஆளு ஒசரம், நாணல் அதுக்கு மேல. ஏற முடியல. ரெண்டாப் பிரிஞ்சிச்சு. ஒரு பாதி வடக்கால போயி அக்கா பக்கத்துல அகலமா, மெதுவா போவுது. இன்னொரு பாதி தெக்கால வருது, என் பக்கம். ஒரு பக்கம் என் திட்டு, ஒரு பக்கம் என் மூக்கு. நடுவுல சந்து. அந்தச் சந்துல பூந்ததும் தண்ணிக்கு ஒரு வெறி புடிச்சிச்சு பாருங்க.

சவரிமுத்து பக்கத்துல வந்து நிக்கிறாரு. "நாலு பேரு போற வழிய ரெண்டு பேரு போற வழியாக்கினா செவுரு தேயும், உத்திராபதி"ங்குறாரு. அந்த நேரத்துல. வெத்தலயத் துப்பிட்டு.

தண்ணி மூக்க மேலேர்ந்து தள்ளல சார். அடியில தோண்டிச்சு. அடி மணல அள்ளிக்கிட்டுப் போவப் போவ, கல்லு ஒவ்வொண்ணா உள்ள எறங்கிச்சு. மத்தியானத்துக்குள்ள மூக்கு இல்ல. ஊர்ல அப்பவே ஆரம்பிச்சுட்டானுங்க, உத்திராபதிக்கு மூக்கறுந்து போச்சுன்னு. வெள்ளத்துல நிக்கிறவனப் பாத்துப் பேசுற பேச்சா?

அப்பறம் கரை. சொவத்துல காரை பேந்து விழுற மாதிரி, பாளம் பாளமா. வாழை நின்ன நெலயிலேயே, அடிமண்ணோட, தாரோட போவுது. மொத நாளு அந்த ரெண்டு மா படுகை. ரெண்டாம் நாளு என் பட்டா நெலம். மூணாம் நாளு மோட்டார் கொட்டகை, பைப்பு, எல்லாம். எங்கப்பா வாங்கின நெலம் சார். இயற்கைன்னான் ஒருத்தன். நான் அவன அடிக்கப் போயிட்டேன். இதுவா இயற்கை? இது அக்கிரமம்.

தண்ணி வடிஞ்சப்பறம் சேறு. வீட்டுக்குள்ள மொழங்கால் சேறு. அதுல செத்த கெளுத்தி, பாம்பு, யார் வீட்டு மெத்தையோ ஒண்ணு. அதிகாரிங்க பார்வையிட வந்தாங்க, ஷூவுக்கு மேல பாலிதீன் பையக் கட்டிக்கிட்டு. மூக்கப் பொத்திக்கிட்டு போட்டோ எடுத்தாங்க. என் வீட்டுக்காரி அந்த நாத்தத்துல ஒரு மாசம் இருந்துட்டு, நீயும் ஒன் ஆறும்னு சொல்லிட்டு திருப்பூருக்கு மவன் வீட்டுக்குப் போயிட்டா. இன்னும் வரல. எனக்கும் அந்த நாத்தம் போவல. சோத்துல வருது, துணியில வருது.

ஆங், விட்டுட்டான், வண்டி கெளம்புது. நான் கண்ண மூடிக்கிறேன், நீங்க பாருங்க. எடது பக்கம் தூரத்துல நாணலாத் தெரியுதா? அதான் திட்டு. என் திட்டு. அது மட்டும் போவல சார், அசையக்கூட இல்ல. நட்டவன் நெலம் போச்சு, நட்ட நாணல் நிக்குது.

போயிடிச்சா? இப்பவாவது சன்னலச் சாத்துங்க. சரி.

அடுத்த பங்குனியில நான் மணல்ல நடந்து வடகரைக்குப் போனேன். போனா, அக்காவுக்குப் போன மூணு மா இருந்திச்சில்ல, பள்ளமா, குளம் மாதிரி, அது இல்ல. ரொம்பிப் போயிக் கெடக்கு. ரொம்பி, மேடாயி, முன்ன இருந்ததுக்கு மேல ஒரு மா கூட. திட்டுக்கு அந்தாண்ட தண்ணி மெதுவாப் போச்சுன்னு சொன்னேனில்ல, அங்க எறக்கி வெச்சிருக்கு. எதை? என் மண்ண. நடுவுல பூவன் வாழைக் கன்னு முளைச்சு நிக்குது. வடகரையில எவனும் பூவன் போட மாட்டான். என் பைப்பு, சிவப்புப் பெயிண்டுல உ.ப.ன்னு நான் எழுதின பைப்பு, மண்ணுக்குள்ளேர்ந்து தலைய நீட்டிக்கிட்டு நிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி?

அக்கா அதுல கீரை வெதச்சிருக்கா. கத்திரி பூத்திருக்கு.

"வாடா, ஒன் வாழையப் பாக்க வந்தியா? கன்னு வேணும்னா நோண்டித் தரேன்"னா.

"வாழை மட்டுமா என்னுது? மண்ணே என்னுது"ன்னேன்.

"அப்ப அள்ளிக்கிட்டுப் போ. கூடை தரட்டுமா?"ன்னா.

இப்படிப் பேசுறவகிட்ட என்ன பேசுறது? நான் வந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பஸ்ஸு மேல ஏத்தி அந்தப் பைப்ப அனுப்பிவிட்டா. பைப்பத் திருப்பிக் குடுத்தவ மண்ணத் திருப்பிக் குடுக்கலையே. கிராம அதிகாரி படத்த விரிச்சுக் காட்டுறாரு, அது அந்தம்மா பழைய சர்வே நம்பர்தான், ஆறு எடுத்துச்சு, ஆறு குடுத்துச்சு, அவங்க பட்டா அப்படியே இருக்குன்னு. நம்பர் அவளோடதா இருக்கலாம் சார். மண்ணு யாரோடது?

நான் ஆதாரம் இல்லாமப் பேசுறவன் இல்ல. இந்தப் பையில பாருங்க. ரெண்டு கவர். ஒண்ணு என் நெலத்துல மிச்சம் இருக்குற மண்ணு, ஒண்ணு அவ கொல்லையில அள்ளுன மண்ணு. எடுத்துப் பாருங்க, மோந்து பாருங்க. ஒரே மண்ணு. இது என்னுது, இது அவ... இருங்க, இது அவளுது, இது... காலையில எடுத்து வெக்கிறப்ப மாறிடிச்சு போல. எது எதுன்னு தெரியலையே. தெரியாதது நல்லதுதான். எனக்கே தெரியலைன்னா ரெண்டும் ஒண்ணுன்னுதான் அர்த்தம். கலெக்டர் கேட்டாலும் இதத்தான் சொல்லப் போறேன்.

மனுவுல ரெண்டே கோரிக்கை. ஒண்ணு, வடகரையில சேந்துருக்குற நெலத்த எனக்கு மாத்திக் குடுக்கணும். ரெண்டு, தென்கரையில மறுபடியும் மூக்கு கட்டணும். இந்தத் தடவ அரசாங்கம் கட்டணும், கருங்கல்லுல, நூறடிக்கு. மிச்சம் இருக்குற நாலு மாவ நான் காப்பாத்த வாணாமா? ஆறு அந்தாண்ட போனா அக்கா வீடு இருக்கேன்னு கேக்குறீங்க. இருக்கு. ஆத்துக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல இப்ப அந்தப் படுகை மட்டுந்தான் இருக்கு. அத அவ யோசிக்கணும். என் மனுவுல அவ வீட்டப் பத்தி ஒரு வார்த்த தப்பா எழுதல.

திருமானூர் வந்துடிச்சு. கூட்டத்தப் பாருங்க, ஆட்ட அடைக்கிற மாதிரி. யாரு எறங்குறா, யாரு ஏறுறா...

சார். திரும்பாதீங்க. முன்பக்கம் ஏறிட்டா. பச்சப் பொடவை, கையில ஒயர்கூடை. அவதான். தையல்நாயகி.

சவரிமுத்து வேலை இது. வேலைய விட்டும் அந்தாளு ரெண்டு கரைக்கும் தபால் போட்டுக்கிட்டு இருக்கான். நான் மனு குடுக்கப் போறது தெரிஞ்சு, எதுத்து மனு குடுக்கக் கெளம்பிட்டா. கூடப் பொறந்தவன் மேல. அறுபத்தாறு வயசுல. அசிங்கமா இல்ல? எனக்கே அருவருப்பா இருக்கு. பாத்தாளா? பாக்கலையா? பாத்துட்டு அந்தப் பக்கம் ஒக்காந்துட்டாளா? ஒக்காரட்டும். நான் பேச மாட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாப் பேசல.

என்ன கண்டக்டரே? ஆமா, நாந்தான் உத்திராபதி. எதுக்கு? சாப்பாடா? நான் கேக்கலையே. யாரு குடுத்தாலும் வாங்கிக் குடுத்துடுவீங்களா? அங்கேர்ந்து பதினஞ்சு பேரு கை மாறி வந்திருக்கு பாருங்க சார். என்ன சொன்னா? "சக்கர வியாதிக்காரன், சாப்புடாம வந்திருப்பான், மயக்கம் போட்டு விழுந்தா யாரு தூக்குறது"ன்னா? ஊருக்கே என் வியாதியச் சொல்லியாச்சு. நல்லாருக்கு.

வெச்சுக்கிறேன். கீழ போட்டா பஸ்ஸு நாறும்.

இது என்ன காயிதம்? மனுவா? அவ மனுவ எனக்கு எதுக்கு அனுப்புறா? பாத்துட்டுக் குடுக்கணுமாமா. சார், என் கண்ணாடி ஒடஞ்சு கெடக்கு, நீங்க படிங்க. பொறுமையாப் படிங்க. என்னென்ன அவதூறு எழுதியிருக்கான்னு பாப்போம். நீங்க படிக்கிறதுக்குள்ள நான் ஒரு வாய் போட்டுக்குறேன்.

"...வடகரையில் என் பட்டாவில் உள்ள நிலத்தில், ஆற்றோரம் உள்ள பாதியை என் தம்பி உத்திராபதிக்கு எழுதிக் கொடுக்க எனக்குச் சம்மதம். தென்கரையில் ஆற்றுக்குள் கல் கொட்ட மட்டும் அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதானா? பின்னால ஒண்ணும் இல்லையா?

பாத்தீங்களா, பாத்தீங்களா. பாதி. என் மண்ணுல எனக்கே பாதி தானம் குடுக்குறா. மண்ண வெச்சுக்கோ, கல்லப் போடாதேங்குறா. மண்ணு பெருசா, கல்லு பெருசா? கீரை மசியல் வெச்சிருக்கா, கருவாட்டுத் துண்டு ஒண்ணு அடியில. பேச்சு இல்ல, சண்டை இல்ல, சாப்பாட்ட அனுப்பிட்டுக் காயிதத்த அனுப்புறா. இந்த மாதிரி ஆளுங்கள நம்பவே கூடாது சார்.

இருங்க. அந்த மொத வரிய இன்னொரு தரம் படிங்க.

ஆற்றோரம் உள்ள பாதியா? ஆத்தோரத்தையா குடுக்குறா? வீட்டோரத்துப் பாதிய அவ வெச்சுக்கிட்டு, ஆத்தோரத்த எனக்கு.

அப்ப நான் தென்கரையில நூறடிக்குக் கல்லப் போட்டா... முன்ன அம்பதடிக்கே மூணு மா போச்சு. நூறடின்னா தண்ணி திரும்பி நேரா எதிர்க்கரைக்குப் போவும். போயி மொதல்ல எதுல அடிக்கும்? ஆத்தோரத்துல அடிக்கும். ஆத்தோரம் யாருது?

ஆறு எங்க போவும். ஆங்? ஆறு எங்க போவும்?

சீ. பத்து வருஷமா இத மனசுல வெச்சிருந்திருக்கா.

பேனா இருக்கா சார்? என் மனுவ எடுங்க, பைக்குள்ள மடிச்சிருக்கு, மண்ணு கவருக்குக் கீழ. ரெண்டாவது கோரிக்கை. கல்லு. அத அடிச்சிடுங்க. அப்படிக் கோடு போடக் கூடாது, படிக்க முடியாதபடி நல்லா அடிங்க. நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க, நான் ஒண்ணும் அவளுக்காக அடிக்கச் சொல்லல. அவ நெலம் போனா அது இயற்கை. இப்ப அங்க என் நெலம் இருக்கு.

அரியலூர் வந்துடிச்சு. எறங்குற எடத்துல பாருங்க, எல்லாரையும் விட்டுட்டு ஒதுங்கி நிக்கிறா. என் கால் வீங்கியிருக்குறது அவளுக்குத் தெரியும், கையப் புடிச்சு எறக்கிவிடலாம்னு நிக்கிறா. நான் கையக் குடுக்கப் போறதில்ல. கம்பியப் புடிச்சுக்குவேன்.

கீரையில மண்ணு சார். பல்லுல நறநறங்குது. அம்பது வருஷமாச் சமைக்கிறா, ஒரு கீரைய அலசத் தெரியல. துப்புறதுக்கா சன்னலத் தொறக்குறீங்க? வாணாம், சாத்துங்க. நான் துப்ப மாட்டேன். எப்படித் துப்புறது? என் மண்ணாச்சே.